ஈறு நோய்க்கு எந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது? ஒரு மில்லிமீட்டர் கணக்கு

கேள்வி: வயது 46. சர்க்கரை இருக்கிறது, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 8.1. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று லேசாக ஆடுகிறது. பெரியோடான்டைடிஸ், அதாவது பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும் ஈறு நோய் என்றார்கள். ஒரு டாக்டர் டீப் கிளீனிங் போதும் என்கிறார். இன்னொருவர் லேசர், ஜெல், ஆன்டிபயாடிக் மூன்றும் சேர்த்துச் செய்யலாம் என்கிறார். ஆராய்ச்சி எந்தப் பக்கம்?

பதில்:

முதல் டாக்டர் பக்கம். ஆனால் "போதும்" என்ற சொல்லை மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும். ஏன் என்று கீழே எழுதுகிறேன். சற்று நீளம்தான்.

இந்த நோய்க்கான ஆய்வுகளைப் படிக்கும் முன் அவற்றில் எதை அளக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஈறு பல்லை விட்டுப் பிரிந்து உண்டாகும் பள்ளத்தை பாக்கெட் என்பார்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை, அதாவது புரோபை, சுமார் 25 கிராம் அழுத்தத்தில் உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம்; 28 பல் இருந்தால் 168 எண்கள். 3 மி.மீ. வரை சாதாரணம். 4 மி.மீ. இருந்து ரத்தமும் வந்தால் கவனிக்க வேண்டும். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் ஆழமான பாக்கெட்.

ஒரே டாக்டர் ஒரே இடத்தை இரண்டு முறை அளந்தாலே 1 மி.மீ. மாறி வரும். கம்பி சற்றுச் சாய்ந்தால் போதும், காரையில் (பல்லில் கல்லாக இறுகிய அழுக்கில்) முட்டி நின்றால் போதும், எண் மாறிவிடும். அதனால் ஒரு மருந்து சராசரியாக 0.3 மி.மீ. கூடுதல் பலன் தருகிறது என்று ஓர் ஆய்வு சொன்னால், அந்த வித்தியாசம் நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் மட்டுமே தெரியும். உங்கள் வாயில் ஒரு பல்லைக் காட்டி "பாருங்கள், மருந்து வேலை செய்திருக்கிறது" என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. பாக்கெட் குறைந்தது என்றால் எலும்பு வளர்ந்தது என்று பொருள் இல்லை. ஈறின் விளிம்பு பல்லின் கழுத்தில் சரியாக நிற்கிறது, பாக்கெட் 7 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்து மூன்று மாதம் கழித்து அளந்தால் 4 மி.மீ. மூன்று மி.மீ. லாபம் போலத் தெரியும். ஆனால் அதற்குள் வீக்கம் வற்றி ஈறு 2 மி.மீ. கீழே இறங்கியிருந்தால், பல்லோடு ஈறு உண்மையில் கூடுதலாகப் பிடித்துக்கொண்டது 1 மி.மீ. மட்டுமே. "கிளீனிங் செய்த பிறகு பல் நீண்டுவிட்டது, நடுவில் சந்து விழுந்துவிட்டது, கூசுகிறது" என்று பலர் குறைப்படுவது இதனால்தான். அந்தச் சந்து முன்பே இருந்தது. வீங்கிய ஈறும் காரையும் அடைத்துக்கொண்டிருந்தன. ஆனாலும் பாக்கெட் ஆழம் குறைவது நல்லதே. ஆழம் குறைந்தால் பிரஷும் கருவியும் எட்டும்.

எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு நடந்தது இலங்கை மலையகத்தில். ஹெரால்ட் லோ என்ற நார்வேக்காரரின் குழு, 1970 முதல் 1985 வரை, டன்சினேன், ஹாரோ தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களைப் பின்தொடர்ந்தது. பல் மருத்துவமோ பிரஷோ எட்டாத தோட்டத் தொழிலாளர்கள். அதனால்தான் அந்த ஆய்வு சாத்தியமாயிற்று என்பது அதன் சங்கடமான பக்கம். இன்று அப்படி ஓர் ஆய்வுக்கு அறநெறிக் குழு அனுமதி கிடைப்பது கடினம். முடிவு இது: எல்லோர் பல்லிலும் அழுக்கும் காரையும் இருந்தன, எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 சதவீதம் பேருக்கு மெதுவாக நகர்ந்தது, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை. 35 வயதில் வேகக் குழுவினர் பல்லின் பிடிமானத்தில் சராசரியாக 9 மி.மீ. இழந்திருந்தார்கள். நடுக்குழு 4 மி.மீ. கடைசிக் குழு 1 மி.மீ.கூட இல்லை.

எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே சிலருக்கு ஒன்றும் ஆகாது என்றால், "நான் இந்தப் பொடி போட்டேன், நின்றுவிட்டது" என்ற சாட்சிக்கு மதிப்பில்லை. ஒப்பிட இன்னொரு குழு இல்லாத எந்த ஆய்வுக்கும் இதே கதிதான்.

இப்போது டீப் கிளீனிங். ஈறுக்கு மேலே தெரியும் காரையை எடுப்பது சாதாரண ஸ்கேலிங். மரத்துப்போக ஊசி போட்டு, பாக்கெட்டுக்குள் அல்ட்ராசோனிக் முனையையோ கியூரெட் என்ற வளைந்த கைக்கருவியையோ விட்டு, வேரில் ஒட்டிய காரையை எடுப்பதுதான் டீப் கிளீனிங். கைக்கருவியா மெஷினா என்ற சண்டை 1980களிலேயே முடிந்துவிட்டது. ஸ்வீடனில் பேடர்ஸ்டென் குழு ஒப்பிட்டுப் பார்த்ததில் பலனில் வித்தியாசம் இல்லை. எவ்வளவு பலன்? 2020இல் வந்த ஒரு முறையான தொகுப்பாய்வின்படி, 6 முதல் 8 மாதத்தில் பாக்கெட்டுகளில் சராசரியாக 74 சதவீதம் மூடிக்கொள்கின்றன, அதாவது ஆழம் 4 மி.மீ. அல்லது குறைவு, ரத்தமும் இல்லை. ஆழம் சராசரியாக 1.4 மி.மீ. குறைகிறது, ஆழமான பாக்கெட்டுகளில் 2.6 மி.மீ. வெறும் கருவியும் கையும் தரும் பலன் இது. மற்ற எல்லாவற்றையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மீதி நாலில் ஒரு பங்கு ஏன் மூடுவதில்லை? பெரும்பாலும் கருவி எட்டாததால். கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு மூன்று வேர். அவை பிரியும் கவட்டைக்குள் நோய் புகுந்துவிட்டால் சிக்கல். 1979இல் பவர் என்பவர் அளந்து பார்த்தபோது 81 சதவீதக் கவட்டைகளின் வாய் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. கியூரெட்டின் அலகோ 0.75 முதல் 1.1 மி.மீ. அகலம். நுழையவே இடமில்லை என்றால் எவ்வளவு கெட்டிக்கார டாக்டரும் என்ன செய்வார்? ஆழமும் அப்படித்தான். எடுக்கப்போகிற பற்களை முதலில் சுத்தம் செய்து, பிறகு பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு (கஃபேஸ் குழு, 1986). 4 முதல் 6 மி.மீ. பாக்கெட்டில், ஈறைத் திறக்காமல் செய்தபோது முழுக்கச் சுத்தமான பரப்புகள் 43 சதவீதம்; ஈறைத் திறந்து செய்தபோது 76. ஆறுக்கு மேல் போனால் 32, 50. அதாவது திறந்து கண்ணால் பார்த்துச் செய்தாலும் ஆழத்தில் பாதி இடங்களில் காரை மிச்சம்.

அதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஃபிளாப் சர்ஜரி (ஈறைத் திறந்து செய்வது) என்று முடிவு கட்டக் கூடாது. ஆழம் குறைந்த இடத்தில் கத்தி வைத்தால் நஷ்டம். 1982இல் லிண்டே குழு இதற்கு ஓர் எல்லைக்கோடு கண்டுபிடித்தது: 2.9 மி.மீ.க்குக் குறைவான இடத்தில் டீப் கிளீனிங் செய்தால் பிடிமானம் குறைகிறது. சர்ஜரிக்கு அந்த எல்லை 4.2 மி.மீ. 2002இல் வந்த தொகுப்பாய்வு இன்னும் தெளிவு: 6 மி.மீ.க்கு மேலான பாக்கெட்டில் சர்ஜரி 0.6 மி.மீ. கூடுதலாக ஆழத்தைக் குறைக்கிறது. 4 முதல் 6 வரையிலான இடங்களில் பிடிமானக் கணக்கில் டீப் கிளீனிங்தான் 0.4 மி.மீ. மேல். எனவே வாய் முழுக்க ஒரே நாளில் சர்ஜரி என்று யாராவது சொன்னால், சார்ட்டில் எத்தனை இடம் ஆறைத் தாண்டுகிறது என்று கேளுங்கள்.

அடுத்தது கூடுதல் சங்கதிகள். பாக்கெட்டுக்குள் வைக்கும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி சிப்புக்கு (2.5 மி.கி.) அமெரிக்க அனுமதிக்காகச் செய்யப்பட்ட ஆய்வில், ஒன்பது மாதத்தில் சிப் வைத்த இடங்கள் 0.95 மி.மீ. குறைந்தன, கிளீனிங் மட்டும் செய்த இடங்கள் 0.65. மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தூளில் 1.32க்கு 1.08. வித்தியாசம் இரண்டிலும் கால் மி.மீ. சொச்சம். பொய் என்று சொல்லவில்லை, உண்மையான பலன்தான். பராமரிப்புக் காலத்தில் ஓரிரு இடம் மட்டும் அடங்காமல் நின்றால் அங்கே வைக்கலாம். முதல் நாளே இருபது இடத்தில் வைப்பது பில்லுக்குத்தான் நல்லது.

ஸ்டாட்டின் ஜெல் என்று ஒன்று வருகிறது. கொலஸ்ட்ரால் மருந்தை 1.2 சதவீத ஜெல்லாக்கி உள்ளே விடுவது. ஆய்வுகளில் காட்டிய எண்கள் மற்ற எந்த மருந்தையும்விடப் பிரமாதம். ஆனால் அவற்றில் பெரும்பகுதி பெங்களூருவில் இருந்த ஒரே குழுவிடமிருந்து வந்தவை. வேறு ஊரில், வேறு கையால் செய்து அதே எண் வந்தால்தான் நம்ப முடியும். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. லேசரைக் கூடுதலாகச் சேர்ப்பதையும் அதே வழிகாட்டி ஆதரிக்கவில்லை. லேசர் ஆய்வுகளின் பெரிய தொல்லை, ஒவ்வொன்றிலும் அலைநீளம் வேறு, சக்தி வேறு, நேரம் வேறு. சேர்த்துக் கூட்டவே முடிவதில்லை. தீங்கு என்று பயப்படத் தேவையில்லை, ஆனால் அதற்காகக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்கும் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆன்டிபயாடிக் விஷயம் அவ்வளவு எளிதில்லை. அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் சேர்ந்து கொடுத்தால் கூடுதல் பலன் உண்டு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதில் பெரிய ஒன்று ஜெர்மனியில் நடந்த ஏபிபாரோ. 506 பேர்; கிளீனிங்கோடு பாதிப் பேருக்கு அமாக்ஸிசிலின் 500 மி.கி., மெட்ரோனிடசோல் 400 மி.கி., நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 27.5 மாதம் கழித்து, பிடிமானம் புதிதாக 1.3 மி.மீ. அல்லது மேலும் இழந்த இடங்கள் ஆன்டிபயாடிக் குழுவில் 5.3 சதவீதம், மற்றதில் 7.8. இரண்டரைப் புள்ளி. இதற்காக எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகுவதும் வயிற்றுப்போக்கும்தான் மிஞ்சும் என்று அந்த ஆய்வைச் செய்தவர்கள் உட்படப் பலரும் தயங்குகிறார்கள். இளம் வயதில் வாய் முழுக்க வேகமாக எலும்பு கரையும் நோயாளிக்குக் கொடுப்பது வேறு கதை. அங்கே வழிகாட்டியும் இடம் விடுகிறது. காரையை எடுக்காமல் மாத்திரை மட்டும் சாப்பிடுவது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. கிருமிகள் பசை போன்ற படலத்துக்குள் ஒடுங்கியிருக்கும். அந்தப் படலத்தைக் கருவியால் உடைத்தால்தான் மருந்து உள்ளே போகும். ரத்தம் வந்தவுடன் மெடிக்கலில் மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டால் இரண்டு வாரம் அடங்கியதுபோல் இருக்கும், பிறகு பழைய நிலை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது ஆபத்தும்கூட.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் அடுத்ததைக் கவனித்துப் படியுங்கள். ஈறு நோயைக் குணப்படுத்தினால் சர்க்கரை குறையுமா என்பதில் இரண்டு பெரிய ஆய்வுகள் எதிரெதிர் முடிவு சொல்கின்றன. 2013இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதத்தில் எச்பிஏ1சி சிகிச்சைக் குழுவில் 0.17, மற்றதில் 0.11 ஏறியது. பலன் பூஜ்யம்; திட்டமிட்ட ஆள் எண்ணிக்கையை எட்டும் முன்பே நிறுத்திவிட்டார்கள். 2018இல் லண்டனில் 264 பேரிடம் நடந்த ஆய்வில் 12 மாதத்தில் 0.6 வித்தியாசம், சிகிச்சைக்குச் சாதகமாக.

ஏன் இப்படி? அமெரிக்க ஆய்வின் உள் எண்களில் விடை இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகும் அந்த நோயாளிகளின் பல் பரப்புகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் அழுக்கு அப்படியே இருந்தது. ஈறு நோயே சரியாக அடங்காதபோது அதனால் சர்க்கரை குறையவில்லை என்று எப்படிச் சொல்வது? லண்டனில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பக் கூப்பிட்டு, தேவைப்பட்டவர்களுக்குச் சர்ஜரியும் செய்து, நோயை உண்மையிலேயே அடக்கினார்கள். 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) தொகுப்பு, 3, 4 மாதத்தில் 0.43 குறைவதாகச் சொல்கிறது. இரண்டாவது சர்க்கரை மாத்திரை சேர்ப்பதற்கு அருகில் வரக்கூடிய அளவு. அதற்காக மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். மறுபக்கமும் பாருங்கள்: 2018இல் வெளியான புதிய நோய் வகைப்பாட்டில், எச்பிஏ1சி 7 அல்லது மேலே இருந்தாலே, அல்லது நாளைக்குப் பத்து சிகரெட்டுக்குக் குறையாமல் புகைத்தாலே, நோய் வேகமாக நகரும் 'சி' பிரிவுக்குப் போய்விடுவீர்கள். உங்கள் 8.1 அங்கேதான் இருக்கிறது. புகைப்பவர்களுக்கு ஒரே கிளீனிங் சுமார் 0.4 மி.மீ. குறைந்த பலனே தருகிறது. மேலே சொன்ன சிப், தூள் எல்லாவற்றின் லாபத்தையும் சிகரெட் ஒன்றே தின்றுவிடும்.

கர்ப்பிணிகளைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில் 823 பேரிடம் நடந்த ஆய்வில், ஈறு சிகிச்சையால் குறைப்பிரசவம் குறையவில்லை (12.0 சதவீதம், 12.8 சதவீதம்). ஆனால் சிகிச்சை பாதுகாப்பானது என்று தெரிந்தது. ஈறுக்காகச் செய்துகொள்ளலாம், பிரசவத்துக்காக அல்ல.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதற்கும் ஆய்வு உண்டு. 2009இல் சென்னைக் குழு ஒன்று 20 சிறுவர்களிடம் 10 நாள் பார்த்து, பிளேக்கும் (பல்லில் படியும் அழுக்குப் படலம்) ஈறு வீக்கமும் குறைந்ததாக எழுதியது. அது ஈறின் மேலோட்டமான வீக்கம். எலும்பு கரைந்த பாக்கெட் இல்லை. 6 மி.மீ. ஆழத்துக்கு எண்ணெயும் போகாது, மவுத்வாஷும் போகாது.

கரைந்த எலும்பை மீண்டும் வளர்ப்பது முடியுமா என்றால், குறிப்பிட்ட வடிவப் பள்ளத்தில் ஓரளவு முடியும். பல்லை ஒட்டிச் செங்குத்தாகக் குடைந்த குழியில் சவ்வு வைப்பது, எலும்புத் தூள் நிரப்புவது, எனாமல் புரத ஜெல் பூசுவது போன்றவை. புரத ஜெல்லைப் பற்றிய காக்ரேன் தொகுப்பில் மொத்தச் சராசரி 1.1 மி.மீ. கூடுதல் பிடிமானம், ஒழுங்காக வடிவமைத்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 0.62. ஆய்வின் தரம் கூடக் கூடப் பலன் சுருங்குவது இந்தத் துறையில் வாடிக்கை. எலும்பு எல்லாப் பக்கமும் சமமாக இறங்கியிருந்தால் இவை எதுவும் உதவாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதும் தொடங்கக் கூடாது.

நீண்ட காலக் கணக்கில் எல்லாவற்றையும் மிஞ்சுவது பராமரிப்பு. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாடில் ஆக்ஸெல்சனும் லிண்டேயும் 1970களின் தொடக்கத்தில் 375 பேரைச் சேர்த்து, வீட்டில் எப்படித் தேய்ப்பது என்று திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்து, ஒழுங்காகக் கூப்பிட்டுச் சுத்தம் செய்தார்கள். 30 ஆண்டில் ஒருவர் இழந்த பல் சராசரியாக இளையவர்களில் 0.4, நடுவயதில் 0.7, மூத்தவர்களில் 1.8. அவற்றிலும் பெரும்பாலானவை வேர் உடைந்து போனவை. அமெரிக்காவில் ஹிர்ஷ்ஃபெல்டு, வாஸர்மன் இருவரும் 600 ஈறு நோயாளிகளை சராசரி 22 ஆண்டு கவனித்ததில், நோயால் போன பற்கள் 7.1 சதவீதம் மட்டுமே. ஆனால் கவட்டை பாதித்த கடைவாய்ப் பற்களில் 31 சதவீதம் போயின. உங்கள் ஆடும் பல்லுக்குக் கவட்டை நிலை என்ன என்று டாக்டரிடம் கேட்பது முக்கியம்.

வீட்டில் செய்ய வேண்டியது பல்சந்து பிரஷ். சந்துக்குள் உரசிக்கொண்டு போகும் அளவே சரியான அளவு. தொளதொளவென்று போனால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள், கம்பி வளைந்தால் சிறியது. பெரும்பாலானவர்களுக்கு முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்க்கு ஒன்று என இரண்டு அளவு தேவைப்படும். முதல் வாரம் ரத்தம் வரும். அதைப் பார்த்து நிறுத்துவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு.

ஒரு ஆய்வைக் காட்டி யாராவது ஏதேனும் விற்றால் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவு கிளீனிங் கிடைத்ததா? அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் இருந்ததா? எத்தனை மாதம்? நம் கல்லூரிகளில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) ஆய்வேடாக வருபவற்றில் பல, ஆள் குறைவாகவும் மூன்று அல்லது ஆறு மாதத்திலும் முடிந்துவிடும். மாணவருக்குக் காலக்கெடு அவ்வளவுதான். இந்தியாவில் 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் முன்கூட்டியே பதிவதைக் கட்டாயமாக்கினார்கள். அந்த எண்ணைத் தேடி, முதலில் எதை அளப்பதாகச் சொன்னார்கள், கடைசியில் எதை வெளியிட்டார்கள் என்று ஒப்பிடலாம். ஆழமான இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் திரும்ப அளந்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் எண் சற்றுக் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் வரிசை இதுதான். முதலில் ஆறு இட சார்ட்டும் எக்ஸ்ரேயும் எடுத்து ஒரு பிரதி வாங்கி வையுங்கள். ஊசி போட்டு முழு டீப் கிளீனிங். ஒரே நாளிலா நாலு நாளிலா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, உங்கள் வசதி. அதே வாரம் சர்க்கரை டாக்டரையும் பாருங்கள். மூன்று மாதம் கழித்து அதே சார்ட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். 4, 5 மி.மீ. இருந்து ரத்தம் வரும் இடங்களுக்குத் திரும்பவும் கிளீனிங். 6 அல்லது மேலே நிற்கும் இடங்களுக்கு, அந்த இடங்களுக்கு மட்டும், சர்ஜரி பற்றிப் பேசுங்கள். அப்படி விட்ட பாக்கெட் பின்னாளில் பல்லை இழக்க வைக்கும் என்று பெர்ன் நகரில் 172 பேரைச் சராசரி 11 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு காட்டியிருக்கிறது. 4 அல்லது அதற்கு மேல் இருந்து ரத்தம் வரும் இடமே இல்லை என்றால் சிகிச்சை முடிந்தது, பராமரிப்பு தொடங்குகிறது. சர்க்கரை இருப்பதால் உங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஆடும் பல்லைப் பிடுங்குவதா வேண்டாமா என்ற முடிவையும் அந்த மறு அளவீடு வரை தள்ளிப்போடுங்கள். வீக்கம் வற்றினால் ஆட்டம் குறையக் கூடும்.